பள்ளம் பார்க்கப் போகிற பத்மராஜ்

கொல்லையில் உமியைக் கொட்டி ரயில் பாதை போட்டுக்கொண்டிருக்கிறான் பத்மராஜ். கிணற்றடி மெட்ராஸ். துவைக்கிற கல் பெஜவாடா. வைக்கோல் போருக்கு இந்தப் பக்கம் நாக்பூர். உமியைக் கிள்ளிக் கிள்ளிக் கோடாக இழுத்துக்கொண்டே போய், வண்டி நிற்கிற இடத்தில் எல்லாம் ஒரு புளியங்கொட்டையை அழுத்தி வைக்கிறான். வேலி ஓரம் பூசணிக்கொடி படர்ந்திருக்கிற இடம் குவாலியர். அதற்கு அப்புறம் உமியை அள்ளி மேடும் பள்ளமுமாகக் குவித்துவிட்டு, எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாமி பார்க்கிற மாதிரி அதையே பார்க்கிறான்.

நான் சாணிக் கூடையோடு போனால் இரண்டு கையையும் விரித்துத் தடுக்கிறான்.

“அண்ணி, அண்ணி, பாத்துப் போங்க. அது இட்டார்சி ஜங்ஷனு.”

“இட்டார்சியாவது பட்டாசாவது. தள்ளுடா, வறட்டி தட்டணும்.”

அதற்குள் கன்றுக்குட்டி வந்து நாக்பூரில் மூத்திரம் பெய்துவிட்டுப் போய்விட்டது. உமி மிதந்து ஓடுகிறது. அதைத் துரத்தக்கூட இல்லை அவன். முகவாயைச் சொறிந்துகொண்டு யோசிக்கிறான்.

“மழைக் காலத்துல கெளம்பினா இப்படித்தான் ஆவும். அதான் நான் ஆவணி வேணாங்கறது.”

பத்மராஜ் என் வீட்டுக்காரருக்குத் தம்பி. நான் திருப்பருத்திக்குன்றத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது மூக்கு ஒழுகிக்கொண்டு என் முந்தானையில் துடைத்தவன். இப்போது தலை நரைத்து, மேல்பல் இரண்டு விழுந்து, வாலாஜாபாத் மண்டியில் நெல் தரகு பார்க்கிறான். அங்கே போய் அவனைப் பார்க்க வேண்டும். வண்டி வந்து நின்றதும் குத்தூசியை மூட்டையில் சொருகி ஒரு பிடி நெல்லை உருவுவான். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடிப்பான். “ஈரம். காயவெச்சு எடுத்துக்கினு வா” என்பான். அவ்வளவுதான், வண்டி திரும்பிவிடும். ஊரான் மூட்டைக்கு ஒரு கடியில் முடிவு சொல்கிறவன், தன் மூட்டையைக் கட்ட ஆறு வருஷம் எடுத்துக்கொண்டான்.

இந்தப் பைத்தியத்தை அவன் தலையில் ஏற்றியவன் சாமுவேல். ரைஸ்மில் லாரி ஓட்டுகிறவன், முன்னே பட்டாளத்தில் இருந்தவன். ஒரு நாள் மழைக்கு இரண்டு பேரும் மில்லில் ஒதுங்கியபோது, தான் குவாலியர் பக்கம் லாரி ஓட்டின கதையை அவிழ்த்துவிட்டான். அங்கே சம்பல் என்று ஒரு ஆறு.

“அங்க பாக்கறதுக்கு இன்னாபா இருக்குது?” என்று இவன் கேட்டிருக்கிறான்.

“ஒண்ணும் இல்லீங்க நயினாரே. வெறும் மண்ணு. தண்ணி அரிச்சு அரிச்சு பூமியே பிளந்துபோய்க் கெடக்குது. ஒரு எடத்துல மதிலு மாதிரி, ஒரு எடத்துல கோபுரம் மாதிரி. கண்ணுக்கு எட்டின வரைக்கும் அதேதான். உள்ளே போனா வெளியே வர வழி தெரியாது. கூப்பிட்டா நம்ம கொரலே நம்மளத் தேடிக்கினு வரும்.”

பக்கத்திலேயே ஷிவ்புரி என்ற ஊரில் சர்க்கார் வேலி போட்டுக் காக்கிற காடு ஒன்று இருக்கிறதாம். புலி, மான், ஏரி நிறைய முதலை, எல்லாம் உண்டாம். அந்தக் காட்டைப் பார்த்துவிட்டு அப்படியே பள்ளத்தையும் பார்க்கலாம் என்று சாமுவேல் சொல்லிவிட்டு, மழை விட்டதும் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இவன் மட்டும் அந்த மழைக்கே ஒதுங்கினவனாக இன்னும் நின்றுகொண்டிருக்கிறான்.

“புலிக்கு நீ ஜைனன்னு தெரியுமாடா? பச்சைத் தண்ணியும் பயத்தங்கஞ்சியும் குடிச்ச ஒடம்புன்னு விட்டுடுமா?” என்று கேட்டேன்.

“புலிக்கா போறேன்? மண்ணப் பாக்க அண்ணி. நம்ம பாலாறு தண்ணியில்லாம படுத்துக்கினு இருக்குது. அங்க தண்ணி போன எடம் எல்லாம் எழுந்து நிக்குதாம். அத ஒரு தரம் பாத்துடணும்.”

மண்ணைப் பார்க்க ரயில் ஏறுகிறேன் என்றால் எந்தப் பெண்டாட்டி கூட வருவாள்? அதனால் கோயிலைச் சேர்த்துக்கொண்டான். குவாலியருக்குக் கொஞ்சம் முன்னால் சோனாகிரி இருக்கிறது. எங்கள் ஜனங்களுக்கு அது பெரிய க்ஷேத்திரம். மலை பூராவும் வெள்ளை வெள்ளையாகக் கோயில்கள். “வர்ற தையில சோனாகிரி போறோம்” என்று ஒரு நாள் சாப்பிடும்போது அறிவித்தான். பள்ளத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவன் பெண்டாட்டி குணமாலா செய்த தப்பு, அவன் வாயை நம்பினது. எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. யாத்திரை நினைத்துக்கொண்டால், பிடித்த பண்டம் ஒன்றைச் சாமி எதிரே விட்டுவிடுவோம். மலையேறித் தரிசனம் ஆன பிறகுதான் திரும்ப அதை வாயில் வைப்பது. புத்தியுள்ளவள் டிக்கெட் கைக்கு வந்த பிறகு விடுவாள். இவள் அன்றைக்கு மத்தியானமே தலை முழுகி, வர்த்தமானர் கோயிலுக்குப் போய், தயிரும் மோரும் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இரண்டு மாசம்தானே என்ற நினைப்பு.

குணமாலா வந்தவாசிப் பக்கத்துப் பெண். எருமைத் தயிரில் வளர்ந்தவள். கட்டித் தயிரை விரலால் வெட்டிச் சாப்பிடுவாள். அப்படிப்பட்டவள் ஆறு வருஷமாக விடிந்தால் எங்கள் எல்லாருக்கும் மோர் கடைகிறாள். விரலில் பட்டதைக்கூட வாயில் வைக்காமல் கழுவிவிடுகிறாள். பத்மராஜ் தயிர்ச் சோற்றைப் பிசையும்போது அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டு தலை குனிந்து சாப்பிடுவாள். இவன் ஊறுகாயை நக்கிக்கொண்டே, “கவலப்படாதே, இந்தத் தையில நீயும் தயிரு ஊத்திக்கலாம்” என்பான்.

“எந்தத் தையிலடா?” என்பேன். பதிலுக்கு ஏப்பம்தான் வரும்.

அவன் சும்மா இருந்தான் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒரு நிமிஷம் சும்மா இருந்ததில்லை. ரயிலில் படுக்கிற பலகை குறுகலாக இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நெல் அவிக்கிற கொட்டகையிலிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து கூடத்தில் போட்டு, ஒரு மாசம் அதன்மேல் படுத்துப் பழகினான். தினம் விடியற்காலையில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்கும். “இன்னாடா, போபால் வந்துடுச்சா?” என்று நான் படுத்த இடத்திலிருந்தே கேட்பேன். இடுப்பைத் தடவிக்கொண்டு திரும்ப ஏறுவான்.

வடக்கே குளிர் ஜாஸ்தி என்று பெரிய காஞ்சிபுரத்தில் போய் ஒரு குரங்குக் குல்லாய் வாங்கினான். உடம்புக்குப் பழக வேண்டுமாம். சித்திரை வெயிலில் அதைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினான். கண்டக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இமயமலை பஸ்ஸு அந்தாண்ட நிக்குதுங்க நயினாரே” என்றானாம். பஸ்ஸே சிரித்ததாம். இதை வீட்டில் வந்து சொன்னவனும் அவனேதான். வெட்கம் என்கிற வஸ்து இருந்தால்தானே.

பொழுது சாய்ந்தால் நாங்கள் சாப்பிட மாட்டோம். அதற்காகக் காஞ்சிபுரம் ஸ்டேஷனுக்குப் போய், டில்லி வண்டி எந்த ஸ்டேஷனில் இருக்கும்போது சூரியன் அஸ்தமிக்கும் என்று ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டிருக்கிறான். டில்லி வண்டி காஞ்சிபுரத்துப் பக்கமே வராது. அந்த மனுஷர் பாவம், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “சூரியனுக்கு நாங்க டைம் டேபிள் போடறதில்லைங்க” என்றாராம். “பொறுப்பில்லாத ஆளு அண்ணி” என்று இவன் அவரைத் திட்டிக்கொண்டு வந்தான்.

பெஞ்சில் படுக்கப் பழகினவன், குல்லாய்க்குப் பழகினவன், டிக்கெட் எடுக்கப் போ என்றால் மட்டும் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து குறுக்கே போடுவான். தை என்றால் பனி, பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. சித்திரை என்றால் வெயில், மண் சுடும். ஆவணி என்றால் சேறு. ஐப்பசி என்றால் மண்டியில் நெல் வரத்து. எல்லா மாசமும் தீர்ந்துபோன பிறகு திருடர்களைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பள்ளத்தில் துப்பாக்கி வைத்துக்கொண்டு கொள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள், குணமாலா கழுத்தில் தாலி இருக்கிறது என்றான்.

போன வருஷம் அந்தக் கொள்ளைக்காரர்கள் கும்பல் கும்பலாக வந்து துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. சாமுவேலே பேப்பரை எடுத்துக்கொண்டு வீடு தேடி வந்து உரக்கப் படித்துக் காட்டினான். குணமாலா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்து நின்று கேட்டாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்மராஜ் பேப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“துப்பாக்கியப் போட்டாங்கன்னுதானே போட்டிருக்குது? கத்தியப் போட்டாங்களான்னு ஒண்ணுமே இல்லியே?”

சாமுவேல் என்னைப் பார்த்தான். குணமாலா உள்ளே போய்க் குழம்பைக் கிளறினாள்.

“பாவு நூலே ஏத்தாத தறியில புடவை அறுக்கறவன் நீ. ஒன் பேச்சுக்கு அவ வாயக் கட்டினா பாரு, அவளச் சொல்லணும்” என்றேன்.

இந்த மாசியில் குணமாலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டால் எரிச்சல், சாப்பிடாவிட்டால் அதைவிட எரிச்சல். பெரிய காஞ்சிபுரத்து டாக்டரிடம் அழைத்துப் போனோம். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, புண் என்றார். காரம் கூடாது, புளி கூடாது.

“மோர்தாம்மா ஒனக்கு மருந்து. மோரா குடி. மூணு வேளையும் தயிர் சாதம்.”

குணமாலா என்னைப் பார்த்தாள். நான் பத்மராஜைப் பார்த்தேன். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

“அது முடியாதுங்க டாக்டரு” என்றாள் குணமாலா. “விட்டிருக்கறேன். வேணும்னா ரெண்டு மாத்திர சேத்துக் குடுங்க, முழுங்கிடறேன்.”

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. சாமி உன்னைப் புண்ணோடு சாகச் சொல்லிற்றா என்று கேட்டார். சாமி சொல்லவில்லை, தான்தான் சாமியிடம் சொன்னது, சொன்னது சொன்னதுதான் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். டாக்டர் சீட்டை எழுதித் தள்ளினார். இப்படியே விட்டால் கோடைக்குள் ரத்தமாக வாந்தி எடுப்பாள் என்று மட்டும் என்னிடம் தனியாகச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வரைக்கும் பத்மராஜ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே நடந்தான். சரி, மனுஷனுக்கு உறைத்துவிட்டது என்று நானும் நினைத்தேன். பஸ் வந்து நின்றது. அப்போது கேட்கிறான்:

“பங்குனியில போனா அவளுக்கு வெயிலு தாங்குமா அண்ணி?”

பஸ் ஸ்டாண்டு என்று நான் பார்க்கவில்லை.

“டேய், மயானத்துக்குப் போறதுக்கும் மாசம் பாத்துக்கினு இருப்பியா நீ? ஒன் பள்ளத்துக்கு அவ வயித்துல பள்ளம் விழுந்துடுச்சுடா. நீ வந்தா வா, வராங்காட்டி போ. நான் அவளக் கூட்டிக்கினு போறேன்!”

பூக்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “அக்கா, அக்கா” என்று குணமாலா என் கையைப் பிடித்து இழுத்தாள். பத்மராஜ் குடையை விரித்தான். மழையும் இல்லை, அத்தனை வெயிலும் இல்லை. விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

அன்றைக்கு அவன் தயிர் ஊற்றிக்கொள்ளவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான். மறுநாள் காலையில் பார்த்தால், நான் முதலில் சொன்னேனே, அந்த மாதிரி கொல்லையில் உமியைக் கொட்டிக்கொண்டிருக்கிறான்.

இனி அவனைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று சாமுவேலைக் கூப்பிட்டேன். மெட்ராஸுக்கு அரிசி லோடு ஏற்றிப் போகும்போது அவனே மூன்று டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தான். பங்குனியில் நல்ல நாள். டிக்கெட்டை பத்மராஜ் கையில் வைத்தேன். இரண்டு நெல்மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது போலப் பார்த்தான். நல்லவேளை, கடிக்கவில்லை.

“மூணும் நெசந்தானா அண்ணி?”

“இல்ல, சினிமா டிக்கெட்டு. போய் மூட்டையக் கட்டு.”

கட்டினான். அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த ஒரு வாரம் அவனைப் போல வேலை செய்தவன் இல்லை. பொரிமாவு இடித்து வைக்கச் சொன்னான். படுக்கையைச் சுருட்டிக் கயிறு கட்டினான். மண்டியில் ஒவ்வொரு வண்டிக்காரனிடமும் “சம்பலுக்குப் போறேன்பா” என்று சொன்னான். சென்ட்ரல் ஸ்டேஷனில் படுக்கையைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடி, பெட்டியைக் கண்டுபிடித்து, குணமாலாவைக் கைபிடித்து ஏற்றிவிட்டான். பொழுது இருக்கும்போதே பொரிமாவும் வாழைப்பழமும் சாப்பிட்டு முடித்தோம். குணமாலா ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி பிளாட்பாரத்தை வேடிக்கை பார்த்தாள். நாளன்றைக்கு மலை, மலை இறங்கினால் தயிர். எனக்கே மனசு இளகிப்போய், இவனை இத்தனை நாள் ரொம்பத்தான் திட்டிவிட்டோமோ என்று நினைத்தேன்.

நினைத்திருக்கக் கூடாது.

வண்டி சென்ட்ரலை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால், விடிந்தால் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று செம்பை எடுத்துக்கொண்டு இறங்கினான். பிளாட்பாரத்தில் ஒரு தொட்டி, அதன்மேல் குழாய். எந்தத் தண்ணீரானாலும் நாங்கள் துணியில் வடிகட்டித்தான் எடுப்போம். அவனும் துணியைச் செம்பின் வாயில் கட்டிப் பொறுமையாக வடிகட்டினான். கொண்டுவந்து ஜன்னல் வழியாக என்னிடம் கொடுத்தான். ஈரத் துணியை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினான்.

“எங்கடா போற? மணி அடிச்சுட்டாங்க, ஏறு.”

“துணிய அலசி விட்டுட்டு வந்துடறேன் அண்ணி.”

அதுவும் எங்கள் வழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. வடிகட்டின துணியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தங்கியிருக்கும். எந்தத் தண்ணீரிலிருந்து எடுத்தோமோ அதிலேயே அவற்றைத் திரும்ப விட்டுவிட வேண்டும். வீட்டில் கிணற்றடியில் செய்கிற காரியம். அதை டில்லி வண்டி கிளம்புகிற நேரத்திலா செய்வான் ஒருத்தன்?

“வழியில எங்கனா அலசிக்கலாம், ஏறுடா!”

“இதுங்க இந்தத் தொட்டியில பொறந்ததுங்க. கூடூர்ல கொண்டுபோய் விட்டா அதுங்களுக்கு ஊரு தெரியுமா அண்ணி?”

சொல்லிவிட்டு நடந்தான். ஓடக்கூட இல்லை, நடந்தான். தொட்டி எதிரே குனிந்து துணியைப் பிரித்துத் தண்ணீரில் மெதுவாக ஆட்டினான். குழந்தையைத் தொட்டிலில் விடுகிறவன் மாதிரி. வண்டி ஊதிற்று. ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

குணமாலா எழுந்துவிட்டாள். அவள் கை மேலே வண்டியை நிறுத்துகிற சங்கிலியைத் தேடிப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

“ஒக்காரு. சங்கிலிய இழுத்தே, இன்னும் ஆறு வருஷம் ரசந்தான் ஒனக்கு.”

உட்கார்ந்தாள். அழவில்லை. கம்பியோடு கம்பியாக முகத்தை வைத்து அழுத்திக்கொண்டாள்.

அதற்குள் பத்மராஜ் ஓடி வந்துவிட்டான். ஈரத் துணி தோளில் கிடக்க, வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, நெல் வண்டிக்குப் பின்னால் ஓடிப் பழகின கால்களால் நன்றாகவே ஓடி வந்தான். வண்டி இன்னும் வேகம் எடுக்கவில்லை. ஒரு கிழவன் மூட்டையோடு ஓடி வந்து அவனுக்கு முன்னால் தொற்றி ஏறிக்கொண்டான். எங்கள் பெட்டியின் வாசற்படி பத்மராஜுக்கு ஒரு முழம் தூரத்தில், அவனோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

“ஏறுடா! கம்பியப் பிடிடா பாவி!” என்று நான் கத்தினேன்.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. குணமாலாவைத்தான் பார்த்தான். மூச்சிரைக்க, முகமெல்லாம் சிரிப்பாக அவனும் கத்தினான்.

“குணமாலா! இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்! அந்தப் பக்கம் போய் ஒக்காரு! பள்ளம் எல்லாம் அந்தப் பக்கந்தான் வரும்!”

பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் ஓடி வந்தான். கம்பியைப் பிடிக்க வேண்டிய கை, எங்கள் தலைக்கு மேலாக எதிர் ஜன்னலையே காட்டிக்கொண்டிருந்தது.